மூன்றாவது குப்பி: கோத்தகிரியில் ஐந்து நாள்

முதல் நாள்

காலையில் மேட்டுப்பாளையத்தில் ரயிலை விட்டு இறங்கியபோதும் பை என் மடிச்சூட்டோடுதான் இருந்தது. தூத்துக்குடியில் ஏறியதிலிருந்து அதைக் கீழே வைக்கவில்லை. உள்ளே துண்டு சுற்றிய ஒரு சின்ன ஸ்டீரியோ மைக்ராஸ்கோப், இரண்டு இடுக்கிகள், மூன்று பிளாஸ்டிக் குப்பிகள். ரயிலில் ஸ்பிரிட் கொண்டுபோகக் கூடாது. அதனால் குப்பியிலிருந்த ஸ்பிரிட்டை ஆய்வகத்திலேயே வடித்துவிட்டு, அதில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியால் ஒவ்வொரு உயிரையும் சுற்றிவைத்திருந்தேன். ஈரம் காயாமல் இருந்தால் ஒரு வாரம் தாங்கும்.

கோத்தகிரிப் பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. குஞ்சப்பனைச் சோதனைச் சாவடியில் கார்களை நிறுத்தி இ-பாஸ் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேருந்தில் வருகிறவர்களுக்கு அது தேவையில்லை. பலா காய்த்துத் தொங்கும் மாதம். யானைகள் இறங்கி வரும் இடம் என்று பக்கத்தில் இருந்த அம்மா கை காட்டிச் சொன்னார். யானை வரவில்லை. அரவேணு தாண்டியதும் காற்று குளிர்ந்தது.

கடலடி உயிர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மலையேறுவது ஏன் என்று வீட்டிலேயே கேட்டார்கள். இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆய்வு செய்வது ஸ்குவாட் லாப்ஸ்டர் என்ற உயிரினக் கூட்டத்தை. பெயரில் லாப்ஸ்டர் இருந்தாலும் நம் சிங்கி இறாலுக்கு அது நேர் சொந்தம் இல்லை; சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகளுக்குத்தான் நெருங்கிய உறவு. வாலை வயிற்றுக்கடியில் மடித்து, குந்தின மாதிரி உட்கார்ந்திருக்கும். முன்னால் நீளமான இரண்டு கிடுக்கிக் கைகள். உலகக் கடல்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது, இன்னும் வைத்துக்கொண்டே இருக்கிறார்கள். என்னிடம் இருக்கும் மூன்றும் கொல்லத்துக்குப் பக்கத்தில் சக்திகுளங்கரை துறைமுகத்தில், ஆழ்கடல் இறால் பிடித்து வந்த ஒரு விசைப்படகின் கழிவுக் குவியலில் எடுத்தவை. வலை போட்ட இடம் 190 பாகம் ஆழம் என்றார் படகை ஓட்டிய சிராங்கு. ஏறத்தாழ 350 மீட்டர். இறாலைப் பிரித்த பிறகு இவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. விலை கிடையாது, தமிழில் பெயரும் கிடையாது.

ஒரு இனத்தைப் பற்றி எழுத வேண்டுமென்றால் கோட்டோவியம் வேண்டும். போட்டோ மட்டும் போதாது. போட்டோவில் பளபளப்பும் நிழலும் முள்ளை மறைத்துவிடும். நான் வரைந்த படங்களைப் பேராசிரியர் இரண்டு முறை திருப்பித் தந்துவிட்டார். அவர் செய்தது சரிதான். அப்போதுதான் மாமாவின் நினைவு வந்தது. அம்மாவின் தம்பி, பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடமாகச் சோலைக்காட்டுச் செடிகளைப் பேனாவால் புள்ளி புள்ளியாக வரைந்துகொண்டிருக்கிறார். கிழக்குக் கரையில் இப்போது 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், துறைமுகத்தில் எனக்கும் வேலை இல்லை. போன் செய்தேன். "எடுத்துக்கிட்டு வாம்மா, பார்ப்போம்" என்றார்.

சாயங்காலம் போய்ச் சேர்ந்ததும் அத்தை வர்க்கியும் டீயும் வைத்தார். குப்பிகளைத் திறந்து காட்ட அவசரம் எனக்கு. "முதல்ல குளிருக்கு ஸ்வெட்டர் போடு" என்றார் மாமா. ராத்திரி இங்கே பதினாறு டிகிரிக்கு இறங்குமாம். இந்த உயிர்கள் இருந்த ஆழத்தில் தண்ணீர் இதைவிடக் குளிர்ச்சி, பதினொன்று பன்னிரண்டு டிகிரிதான். கடலில் இறங்கினாலும் மலையில் ஏறினாலும் குளிர்தான் என்று நினைத்துக்கொண்டே படுத்தேன்.

இரண்டாம் நாள்

காலை வெயில் மாமாவின் மேஜைக்கு ஒன்பது மணிக்கு வருகிறது. அவர் வரைவதெல்லாம் அந்த மூன்று மணி நேரத்தில்தான். ஒளி இடது மேல் மூலையிலிருந்து விழவேண்டும் என்பது அவருடைய கணக்கு. அறிவியல் படங்களிலும் அதே வழக்கம்தான் என்று சொன்னேன். அவருக்கு அது தெரியாது, ஆனால் முப்பது வருடமாக அப்படித்தான் வரைகிறார்.

முதல் குப்பியிலிருந்ததை ஒரு வெள்ளைக் கிண்ணத்துத் தண்ணீரில் இட்டு மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தேன். மாமா வெகுநேரம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்ததும் கேட்ட முதல் கேள்வி: "நண்டுன்னா கிடுக்கி போக நாலு ஜோடிக் காலு. இதுக்கு மூணுதான் இருக்கு. ஒரு ஜோடி ஒடிஞ்சுபோச்சா?"

பாடமாகப் படித்தபோது எனக்கு வராத கேள்வி இது. ஒடியவில்லை. ஐந்தாவது ஜோடி மிகச் சிறியதாக, ஓட்டின் பின்னோரத்தில் மடங்கி, செவுள் அறைக்குள் ஒளிந்திருக்கும். நுனியில் தூரிகை மாதிரி மயிர். செவுளில் படியும் அழுக்கைத் துடைப்பதற்கான கால் அது. இடுக்கியால் மெல்ல வெளியே எடுத்துக் காட்டினேன். "வீட்டுக்குள்ளேயே ஒரு விளக்குமாறு" என்றார் அத்தை, தோளுக்குப் பின்னாலிருந்து.

எந்தக் குடும்பம் என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். நெற்றியில் மூன்று ஊசிகள்: நடுவில் நீளமானது ஒன்று, அதன் இரு பக்கமும் கண்ணுக்கு மேலே குட்டையாக ஒவ்வொன்று. இந்த மூவூசி இருந்து, கண்ணும் பெரிதாகக் கருத்திருந்தால் மூனிடா கூட்டம். ஆழம் குறைந்த பாறைகளில் வாழும் கலாதியா பேரினத்துக்கு அந்த இடத்தில் முக்கோணத் தகடு, ஓரங்களில் பல். முனிடாப்சிஸ் என்ற இன்னொரு பேரினம் பெரும்பாலும் இன்னும் ஆழத்தில் வாழ்வது, கண்ணில் நிறமியே இருக்காது. வெளிச்சமே எட்டாத இடத்தில் பார்த்து என்ன செய்ய? பவளக் கிளைகளைப் பற்றிக்கொண்டு வாழும் இன்னொரு பெருங்கூட்டம் இருக்கிறது. அவற்றைப் பிரிக்க நீள உணர்கொம்பின் காம்பில் கணு எண்ணவேண்டும்: நான்கு இருந்தால் இந்தப் பக்கம், ஐந்து இருந்தால் அந்தப் பக்கம். முன்பு கலாதியா, மூனிடா, முனிடாப்சிஸ் எல்லாம் ஒரே குடும்பத்தில் கிடந்தன. 2010இல்தான் தனித்தனிக் குடும்பங்களாகப் பிரித்தார்கள். 2022இல் மூனிடா பேரினத்தையே உடைத்துப் பல பேரினங்களாக்கிவிட்டார்கள். நான் ஆய்வில் சேர்ந்தபோது எழுதிய குறிப்பேட்டில் பாதிப் பெயர்கள் இன்று செல்லாது.

அது வரைக்கும் சுலபம். இனம் என்று வந்தால்தான் கஷ்டம். மூனிடாக்கள் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும். ஓட்டின் பக்கவாட்டில் எத்தனை முள், வயிற்றின் இரண்டாம் வளையத்தில் முள்வரிசை உண்டா, எத்தனை, மூன்றாம் நான்காம் வளையத்திலும் உண்டா, நெஞ்சுத்தகட்டில் வரி மட்டும்தானா இல்லை பொடிப்பொடியாக மணியும் உண்டா, குட்டை உணர்கொம்பின் அடிக்கணுவில் இரண்டு முள்ளில் உள்முள் நீளமா வெளிமுள் நீளமா, நடைக்காலின் கடைசி நகத்தில் கீழோரப் பல் நுனி வரை போகிறதா பாதியில் நின்றுவிடுகிறதா. இத்தனையும் பார்க்கவேண்டும். நிறமும் முக்கியம், உயிரோடு இருக்கும்போது ஆரஞ்சு, சிவப்பு, வெள்ளைப் பட்டைகள் என்று இனத்துக்கு ஒரு சாயல். ஸ்பிரிட்டில் போட்டதும் எல்லாம் கரைந்து வெளிறிப்போகும். சக்திகுளங்கரையில் எடுத்த அன்றே படம் பிடித்திருந்தேன், அந்த வரை நிம்மதி.

மாமா கேட்டுக்கொண்டே பென்சிலில் கோடு போட்டார். "தொல்காப்பியத்துல நண்டை எங்க வச்சிருக்காங்க தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "நண்டும் தும்பியும் நான்கறிவினவே. அதுக்கு அடுத்த வரி, பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே." நண்டையும் தும்பியையும் ஒரே கிளையில் வைத்து, இந்தக் கிளையில் வேறும் உண்டு என்று இடம் விட்டுவைத்திருக்கிறார்கள். வகைப்படுத்துகிற ஆளுக்கு அந்த இரண்டாவது வரி எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்.

ஸ்குவாட் லாப்ஸ்டர் என்று சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்துவிட்டது போல. மதியத்துக்குள் 'குந்துச்சிங்கி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். எனக்கும் பிடித்துப்போனது. இனிமேல் இந்தக் குறிப்புகளில் குந்துச்சிங்கிதான்.

மூன்றாம் நாள்

இரவு கோடை மழை. காலையில் மேகம் மூடி மேஜைக்கு வெயில் வரவில்லை, அதனால் நடக்கப் போனோம். தேயிலைத் தோட்டத்தின் ஓரமாக ஒரு ஓடை. மாமாவின் மாணவர் ஒருவருடைய நிலம். கல்லைப் புரட்டிப் பார்க்க அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இறங்கினோம்.

நாலாவது கல்லுக்கடியில் இருந்தது. மண் நிறத்தில், கால் மூட்டுகளில் மட்டும் லேசான மஞ்சள் ஓடிய ஓடை நண்டு. பக்கவாட்டில் பிடித்துத் திருப்பினேன். பெண். அகன்ற வயிற்று மடிப்புக்குள் மிளகளவில் குஞ்சுகள், கால் முளைத்து முழு நண்டாகவே நெளிந்துகொண்டிருந்தன. உடனே திருப்பி ஈரத்திலேயே விட்டுவிட்டேன்.

அந்த ஒரு பார்வை எனக்கு நாள் முழுக்கப் போதும். ஓடை நண்டுகளுக்கு லார்வாப் பருவம் தனியாகக் கிடையாது. முட்டைக்குள்ளேயே எல்லாம் முடிந்து, குட்டி நண்டாகப் பொரிந்து, கொஞ்ச நாள் தாயின் மடியிலேயே இருக்கும். ஓடைத் தண்ணீரில் லார்வாவை விட்டால் அடித்துக்கொண்டு போய்விடுமே. மூனிடா அதற்கு நேர் எதிர். பெண் ஆயிரக்கணக்கில் பொடி முட்டைகளை வால்கால்களில், அதாவது வயிற்றுக்கடியில் இருக்கும் சின்னக் கால்களில், சுமக்கும். பொரிந்த லார்வாக்கள் வாரக்கணக்கில் கடலோட்டத்தில் மிதந்து எங்கெங்கோ போகும். அதனால்தான் மலை நண்டு ஒரு மலையை விட்டு அடுத்த மலைக்குப் போகமுடியாமல் அங்கங்கே தனி இனமாகிறது. மூனிடா இனம் ஒன்று அந்தமானிலும் இருக்கும், வேறொரு கடலிலும் இருக்கும். 'இருக்கும்' என்று எழுதியது பழைய நம்பிக்கை. இப்போது மரபணுவைப் பார்த்தால், பரவலான ஒரே இனம் என்று நினைத்தவை பல இனங்களாகப் பிரிகின்றன.

அதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. ஜே. ஆர். ஹெண்டர்சன் என்பவர் சேலஞ்சர் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிச் சேர்த்த உயிரினங்களில் இந்தக் கூட்டத்தை ஆராய்ந்தவர். அறிக்கை 1888இல் வந்தது. அதற்குச் சற்று முன், 1885இல், ஜப்பானுக்கு அருகே கிடைத்த ஒன்றுக்கு முனிடாப்சிஸ் சப்ஸ்குவாமோசா என்று பெயரிட்டார். பின்னால் கிழக்குப் பசிபிக்கின் ஆழத்தில் கிடைத்தவற்றுக்கும் அதே பெயரை ஒட்டிக்கொண்டே போனார்கள். 2007இல் மரபணுவையும் முள்ளையும் சேர்த்துப் பார்த்தபோது கிழக்குப் பசிபிக் முனிடாப்சிஸ்களில் மட்டும் ஏழு புதிய இனங்கள் வெளிவந்தன. ஹெண்டர்சனின் பெயரில் தப்பில்லை. ஓவியத்தையும் நாலு வரியையும் வைத்துக்கொண்டு தூரத்திலிருந்தவர்கள் 'இதுவும் அதுதான்' என்று முடிவு கட்டியதுதான் தப்பு.

இந்த ஹெண்டர்சன் பிறகு சென்னைக்கு வந்து கிறித்தவக் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்தார்; எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கண்காணிப்பாளராகவும் ஆனார். குந்துச்சிங்கி ஆய்வின் ஆரம்ப கால ஆள் ஒருவர் நம் சென்னையில் நடமாடியவர் என்று தெரிந்த அன்று எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமில்லை.

இன்னொருவர் ஆல்காக். இன்வெஸ்டிகேட்டர் என்ற அரசுக் கடல் அளவைக் கப்பலில் 1888 முதல் 1892 வரை மருத்துவராகவும் இயற்கை ஆய்வாளராகவும் இருந்தவர். வங்காள விரிகுடாவிலும் அரபிக்கடலிலும் ஆழத்திலிருந்து அள்ளியதையெல்லாம் வகைப்படுத்தினார். மூனிடா அந்தமானிகா அவர் 1894இல் வைத்த பெயர். 1901இல் வந்த அவருடைய ஆழ்கடல் பட்டியல் இல்லாமல் எனக்கு ஒரு நாளும் ஓடாது. அதே ஆல்காக் 1910இல் இந்தியாவின் நன்னீர் நண்டுகளுக்கும் ஒரு பட்டியல் எழுதினார். இன்று ஓடையில் நான் பார்த்த நண்டின் சொந்தக்காரர்களும் அதில் இருக்கிறார்கள். ஆழ்கடலும் மலையோடையும் ஒரே மனிதரின் மேஜையில் இருந்திருக்கின்றன. இதைச் சொன்னதும் மாமா "அப்போ நீ இங்க வந்தது சரிதான்" என்றார். நெய்தலும் குறிஞ்சியும் கலந்தால் திணை மயக்கம் என்பார்களே, அதைத்தான் நினைத்திருப்பார்.

பார்த்தது எந்த இனம் என்று கேட்டால் பதில் இல்லை. ஓடை நண்டில் இனம் பிரிப்பது ஆணின் முதல் வால்கால் வடிவத்தை வைத்துத்தான். தாயை வைத்துக்கொண்டு சொல்லமுடியாது.

நான்காம் நாள்

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

மூன்று குப்பிகள் என்றேன் அல்லவா? முதல் இரண்டும் ஒரே இனம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒன்று ஆண், ஒன்று முட்டையோடு இருந்த பெண். மூன்றாவதை நான்கு மாதமாகத் தனியாக வைத்திருந்தேன். சீட்டில் 'வேறு இனம்?' என்று என் கையெழுத்து. அதுவும் ஆண்தான். ஆனால் ஓட்டின் நீளத்தோடு ஒப்பிட்டால் அகலம் அதிகம். கிடுக்கிகள் முதல் ஆணுக்கு இருப்பதைவிட மெலிந்து குட்டையாக இருந்தன. ஆணுக்குரிய முதல் இரண்டு ஜோடி வால்கால்கள் சரியாக வளரவில்லை. முள்கள் மட்டும் மற்ற இரண்டோடு ஒத்துப்போயின. முள் ஒத்துப்போய் உடலளவு ஒத்துப்போகாதது என் மனதில் ஆசையை வளர்த்துவிட்டது. புதிய இனம் என்றால் வைக்க ஒரு பெயரும் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அச்சில் வராத பெயரை வெளியே சொல்வது எங்கள் துறையில் முறையில்லை, அதனால் இங்கேயும் அதை எழுதவில்லை.

மாமா வரைகிற விதம் இது. மையக்கோட்டுக்கு இடப்பக்கத்தை மட்டும் கண்ணாடித்தாளில் மிகக் கவனமாக வரைவார். பிறகு தாளைத் திருப்பிப் போட்டு வலப்பக்கத்துக்கு ஒற்றி எடுப்பார். உயிரின் இரு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால் பாதி வேலை மிச்சம். ஒற்றிய கோட்டை மறுபடி மைக்ராஸ்கோப்பில் சரிபார்ப்பார். முதல் இரண்டுக்கும் இடம் வலம் அச்சாகப் பொருந்தியது.

பதினோரு மணி இருக்கும். சமையலறையில் அத்தையோடு அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். "இங்க வாம்மா" என்று மாமா கூப்பிட்டார். குரலில் ஒரு தயக்கம்.

"வலது பக்கம் சேரல. நான்தான் தப்பா வரைஞ்சேனோன்னு மூணு தடவை அழிச்சு வரைஞ்சுட்டேன். இந்தக் கன்னம் மட்டும் வெளிய தள்ளியிருக்கு. பல்வலிக்காரனுக்கு வீங்கின மாதிரி."

தாளை வாங்கிப் பார்த்தேன். ஒற்றிய கோட்டுக்கும் உண்மையான ஓரத்துக்கும் நடுவே மெல்லிய பிறை வடிவில் ஒரு இடைவெளி. மேலே எழும்பாமல் பக்கவாட்டில் மட்டும் தள்ளிய வீக்கம். நான் அளந்தபோது இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அளவுகோலை வைத்து, அகலம் என்று ஒரு எண்ணை எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கிறேன். இடமும் வலமும் ஒன்றா என்று பார்க்கவே இல்லை. எண்ணில் இடமும் இல்லை வலமும் இல்லை.

கை நடுங்கியது. என்னவாக இருக்கும் என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. ஓட்டின் வலது கீழோரத்தை ஊசியால் மெல்லத் தூக்கினேன். செவுள்களின் மேல், பட்டாணியில் பாதி அளவில், வெளிர் மஞ்சளாக, ஒரு பக்கம் கோணிக்கொண்டு படுத்திருந்தது ஒரு ஒட்டுண்ணி.

பாப்பிரிட் என்ற குடும்பம். மரக்கட்டையிலும் ஈரச்சுவரிலும் தொட்டால் சுருண்டுகொள்ளும் பூச்சி இருக்கிறதே, அதன் தூரத்து உறவு. இறால், நண்டு, சங்கு நண்டு, குந்துச்சிங்கி இவற்றின் செவுள் அறைக்குள் போய் இரத்தத்தை உறிஞ்சி வாழும். குஞ்சாக இருக்கும்போது முதலில் ஒரு மிதவை உயிரின் மேல் ஒட்டி வளர்ந்து, பிறகுதான் நிரந்தர வீட்டைத் தேடிப் போகும். முதலில் வந்து குடியேறுவது பெண்ணாக வளர்கிறது. அடுத்து வருவது அவள் மேலேயே ஆணாகத் தங்கிவிடுகிறது. இடுக்கியால் திருப்பினேன். வயிற்றுப் பக்கத்தில், எள்ளளவில், ஆணும் இருந்தது. மாமா மைக்ராஸ்கோப்பை விட்டு நகரவே இல்லை. "குடும்பமாவே இருக்கே" என்றார் மெதுவாக.

செவுளைத் துடைக்கிற அந்தச் சின்ன ஐந்தாவது கால் அதற்குப் பக்கத்திலேயே மடங்கிக் கிடந்தது. இவ்வளவு பெரியதை அதனால் வெளியேற்ற முடியாது.

இப்போது எல்லாம் வரிசையாகப் புரிந்தது. ஓடு அகன்றது ஒட்டுண்ணியால். இந்த ஒட்டுண்ணி புகுந்த உயிர் பெரும்பாலும் இனப்பெருக்கம் செய்ய முடியாமல் போகும். ஆணாக இருந்தால் ஆணுக்குரிய உறுப்புகள் குன்றிவிடுவதும் உண்டு. கிடுக்கி மெலிந்ததற்கும் வால்கால் வளராததற்கும் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அட்டவணையிலிருந்து அகலம், கிடுக்கி, வால்கால் மூன்றையும் எடுத்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் முள்கள், நெஞ்சுத்தகடு, உணர்கொம்பு, நகப்பல். ஒவ்வொன்றாக மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மதியச் சாப்பாடு ஆறிப்போனது, அத்தை ஒன்றும் சொல்லவில்லை. நான்கரை மணிக்கு முடித்தேன். மூன்றும் ஒரே இனம்.

கடைசிப் பக்கத்தில் எழுதிய பெயரைக் கோடு போட்டு அடித்தேன். வருத்தமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. நான்கு மாதம் அந்தப் பெயரோடு தூங்கி எழுந்திருக்கிறேன். ஆனால் அது அச்சில் ஏறியிருந்தால்? நோயுற்ற ஓர் உயிரின் அளவுகள் ஒரு இனத்தின் அடையாளமாகப் பதிவாகியிருக்கும். முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பது விதி. பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் பெயரைத் தூக்கிச் சுமந்து, சரிபார்த்து, ஒதுக்கி வைக்க வேண்டியிருந்திருக்கும். அதை நினைத்தபோது நெஞ்சு லேசானது.

ஒரு விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜுராசிக் காலத்துக் குந்துச்சிங்கிகளின் கல்லாகிப்போன ஓடுகளிலும் இதே வீக்கம் இருக்கிறது. உள்ளே இருந்த உயிர் அழிந்துவிட்டது, வீங்கிய ஒரு கன்னம் மட்டும் சுமார் 15 கோடி ஆண்டுகளாகக் கல்லில் நிற்கிறது. அந்தப் படங்களை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தும், என் குப்பியிலிருந்ததை அடையாளம் காணவில்லை. மாமாவுக்கு இது எதுவும் தெரியாது. கோடு சேரவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

ஐந்தாம் நாள்

சாயங்காலம் பேருந்து. காலையில் மாமா வற்புறுத்தி கொடநாடு காட்சிமுனைக்குக் கூட்டிப்போனார். மேகம் விலகியபோது கீழே மோயாறு வெள்ளி இழையாகத் தெரிந்தது. அது பவானிசாகரில் சேர்ந்து, பவானியாகி, கூடுதுறையில் காவிரியோடு கலந்து, பூம்புகாரில் கடலுக்குப் போகிறது. வழியில் அணைகள்.

ஆற்று வெள்ளம் அடித்துப்போகும் மரங்கள் கடலில் மூழ்கினால் என்னவாகும் என்று அவர் கேட்டார். முனிடாப்சிஸ் அந்தமானிகா என்று ஒன்று இருக்கிறது, 1905இல் மக்கில்கிறிஸ்ட் பெயரிட்டது, அதே இன்வெஸ்டிகேட்டர் கப்பல் சேகரித்ததுதான். அது ஆழத்தில் கிடக்கும் மரத்தின் மேல் வாழ்ந்து அந்த மரத்தையே தின்கிறது என்று 2009இல் வந்த ஆய்வு காட்டியது. குடலில் மரத்துகள்களைப் பார்த்திருக்கிறார்கள். இதைச் சொன்னதும் அவர் வெகுநேரம் பள்ளத்தாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்த உயிர் கிடைத்தால் தனக்கு அனுப்ப வேண்டும், மரத்தோடு சேர்த்து வரையவேண்டும் என்றார். அனுப்புகிறேன் என்றேன்.

என் மூன்றும் ஏற்கெனவே பெயர் பெற்ற இனமா, இல்லையா என்பதற்கு இன்னும் வேலை இருக்கிறது. கொல்கத்தாவில் ஆல்காக்கின் மாதிரிகளோடு முள்ளுக்கு முள் ஒப்பிடவேண்டும். கால் தசையில் ஒரு துணுக்கு மரபணு ஆய்வுக்குப் போயிருக்கிறது. ஆனால் கேள்வி இப்போது ஒன்றுதான், இரண்டு இல்லை.

வீட்டுக்கு வந்து பை கட்டினேன். துணியை மறுபடி நனைக்க ஸ்பிரிட் வேண்டுமே என்று யோசித்தபோது, காயவே இல்லை என்று தெரிந்தது. கோத்தகிரிக் குளிர் காப்பாற்றிவிட்டது. அத்தை மிளகுப்பொடி போட்டு வைத்திருந்த ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைக் கழுவித் துடைத்துக் கொடுத்தார். ஒட்டுண்ணி ஜோடியைப் பிரிக்காமல் அப்படியே அதில் வைத்தேன். இதற்கும் குடும்பம், பேரினம், இனம் என்று தேடவேண்டும். பெண்ணின் வயிற்றுத் தகடுகள், ஆணின் வால் கணுக்கள் என்று நான் இனிமேல் படிக்கவேண்டிய பாடம் ஒன்று அதில் இருக்கிறது.

மூன்றாவது குப்பியில் இருந்த பழைய சீட்டை எடுத்துவிட்டேன். புதிய சீட்டுகள் இரண்டையும் மாமாவையே எழுதச் சொன்னேன், பென்சிலில். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். நான் சொல்லச் சொல்ல எழுதினார்: சக்திகுளங்கரை, இழுவலை, 350 மீட்டர், எடுத்த தேதி. ஒட்டுண்ணியின் சீட்டில் ஒரு வரி கூடுதல்: 'மூன்றாம் மாதிரியின் வலது செவுள் அறையிலிருந்து.'

சேராமல் போன அந்தக் கண்ணாடித்தாளை எனக்குத் தரமாட்டேன் என்றுவிட்டார். அவருடைய செடிப் படங்களோடு அதையும் கோப்பில் வைத்துக்கொண்டார்.